மூடியைக் கழற்றிய பிறகு

“ரெண்டே மாசம் பொறும்மா, புது மாடல் வந்துடும். இந்தக் கிழத்தை வாங்கி, பரீட்சை நேரத்துல படுத்துக்கிச்சுன்னா?” பழைய கம்ப்யூட்டர் கடையில் மகள் சிணுங்கினாள்.

அம்மா கடைக்காரரிடம், “இதோட மூடியையும் கழற்றுங்க தம்பி” என்றாள்.

“நாலாவது பெட்டிம்மா! உள்ள என்ன புதையலா இருக்கு?” சிரித்துக்கொண்டே கழற்றினார்.

அம்மா குனிந்து பார்த்தாள். வயர்கள் ஃபேனில் சிக்காதபடி ஓரமாகக் கட்டப்பட்டிருந்தன. கட்டிய பிளாஸ்டிக் நாடாவின் வெட்டுமுனைகூட, திறப்பவர் விரலைக் கீறாதபடி பின்பக்கம் திருப்பப்பட்டிருந்தது.

“இதையே எடுத்துக்கறோம். நீ படிச்சு முடிக்கிறவரைக்கும் ஓடும்.”

“நானே அவ்வளவு உறுதியா சொல்ல மாட்டேனேம்மா!” என்றார் கடைக்காரர்.

அம்மா தன் தொழிற்சாலை அடையாள அட்டையை எடுத்து, பெட்டிக்குள் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரின் அருகில் வைத்தாள். ஸ்டிக்கரில் ‘பொருத்தியவர்: 318’ என்றிருந்தது. அட்டையிலும் அதே 318.

“ஏழு வருஷமாச்சு. ஒரு ஸ்க்ரூ தளரல, பாருங்க.”

கடைக்காரர் மூடியைக் கையில் எடுத்தார்.

“மூடாதீங்கண்ணா!” மகள் அவசரமாகப் போனை உயர்த்தினாள். “அம்மா, பெட்டி பக்கத்துல வந்து நில்லு.”