ஒரு தலை கூடுதல்

குற்றவியல் படித்தால் சிறையில் வேலை நிச்சயம் என்றார்கள் கல்லூரியில். அது பொய்யில்லை. படித்து முடித்ததும் ஜெசிந்தாவுக்குப் பெண்கள் சிறையில் வார்டர் வேலை கிடைத்தது. வந்த சம்பளம்தான் படிப்புக் கடனின் வட்டிக்கே போதவில்லை.

கடைசியில், கடன் கொடுத்த கம்பெனி காட்டிய வழிக்கு அவளும் தலையாட்டினாள். வசதியுள்ள கைதிகள் வீட்டுக்குப் போய்வரலாம்; பதிலுக்குக் கூலி வாங்கிக்கொண்டு யாராவது உள்ளே இருந்தால் போதும். சட்டம் அதை அனுமதித்து வெகுநாளாகிவிட்டது. தன் லீவு நாளில் சீருடையை மடித்துவைத்துவிட்டு, கைதிகளின் வெள்ளைச் சேலையில் ஒரு நகைக்கடைக்காரியின் அறைக்குள் போய் உட்கார்ந்தாள் ஜெசிந்தா. கூட வேலை பார்க்கும் மும்தாஜ்தான் வெளியிலிருந்து பூட்டினாள். அழுகையெல்லாம் வரவில்லை. சோறு வந்தது, சாப்பிட்டாள்.

மறுநாள் மறுபடியும் சீருடை. மாலையில் அறைகளைப் பூட்டும்முன் கைதிகளை வரிசையில் நிறுத்தித் தலை எண்ணினாள். ஒன்று கூடுதலாக வந்தது. திரும்ப எண்ணினாலும் அப்படியே. ஆள் குறைந்தால் மணி அடிக்கலாம். கூடினால் என்ன செய்வதென்று கல்லூரியில் சொல்லித்தரவில்லை.

"எக்கா, ஒரு ஆளு கூட வருது."

மும்தாஜ் பக்கத்தில் வந்து நின்றாள். "எங்கிட்ட எண்ணிக் காட்டு, பாப்போம்."

ஒவ்வொருத்தியாகச் சுட்டிக்கொண்டே போன ஜெசிந்தாவின் விரல், வரிசை முடிந்ததும் தானாகத் திரும்பி அவள் நெஞ்சையே தொட்டது.

மும்தாஜ் சிரிக்கவில்லை. அந்தக் கையை மெல்லப் பிடித்து இறக்கிவிட்டாள்.

"எனக்கும் காலேஜ் கடன் இருக்குல்லா. லீவு வந்தா நானும் உள்ள போயி உக்காருதவதான். மொதல்ல அப்படித்தான் வரும்ட்டி. இப்ப என்னைய விட்டுட்டு எண்ணப் பழகிட்டேன்."