நூற்றி இரண்டு டிகிரி

கடமலைக்குண்டு ஆற்றங்கரைக் கோயிலில், தலையில் தண்ணீர் ஊற்றியதும் கிடா உடம்பைச் சிலுப்பினால்தான் வெட்டுவார்கள். அதுதான் சாமியின் உத்தரவு. வேல்பாண்டி நேர்ந்துவிட்ட கிடா ஐந்து குடம் ஊற்றியும் அசையவில்லை.

அவனுடைய மதினி அனுசுயா கால்நடை மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். நூற்றி இரண்டு டிகிரி. ஆட்டுக்கு எப்போதும் உள்ள சூடுதான்.

"உள்சூடு குறைஞ்சாத்தான நடுங்கும்? இதுக்குக் குறையவே இல்ல. விட்ருங்க கொழுந்தனாரே."

"பந்திக்கு எரநூறு பேரு வந்துருக்காக மதினி!"

வேல்பாண்டி பூசாரி ராக்கையாவின் கையிலிருந்த அருவாளைப் பிடுங்கினான். நாலு பேர் கிடாயை இழுத்துப் பிடித்தார்கள். ஒரே வெட்டில் விழ வேண்டிய தலை நான்காவது வெட்டில்தான் விழுந்தது. வேல்பாண்டியின் முகமெல்லாம் இரத்தம். கிடா ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

கறியைத் துண்டு போட்டு, கழுவி, அடுப்பில் ஏற்றுவதற்காக அண்டாவில் வைத்திருந்தார்கள். அனுசுயா ஒரு துண்டில் தெர்மாமீட்டரைச் செருகினாள். நூற்றி இரண்டு. யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை.

வேல்பாண்டி முதல் பந்தியில் மூன்று முறை கறி வாங்கிச் சாப்பிட்டான். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. கை கழுவ வந்தவனுக்கு அனுசுயாதான் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள்.

தண்ணீர் பட்டதும் வேல்பாண்டியின் உடம்பு தலையிலிருந்து கால்வரை ஒருமுறை சிலுப்பியது.

பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராக்கையா எழுந்து, அருவாளை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"உத்தரவு கெடச்சிருச்சு" என்றார்.

கிடாயைப் பிடித்த அதே நாலு பேர் கை கழுவிவிட்டு வந்தார்கள்.