புதுக் குட்டைகளுக்கு மட்டும்

ஒரு குட்டையும் ஒரு மேகமும் ஒப்பந்தம் போட்டிருந்தன. ஒரு மழைக்குப் பத்து நாள் குட்டை அசையாமல் கிடந்து, மேகத்துக்கு அதன் முகத்தைக் கண்ணாடிபோல் காட்ட வேண்டும்.

ஒருநாள் தவளை வந்து சொன்னது: "போன மாசம் வெட்டின குட்டைக்கு ரெண்டே நாளாம், தெரியுமா?"

குட்டைக்குச் சுருக்கென்றது. மேகத்தைக் கூப்பிட்டது.

"அண்ணே, பத்து வருஷமா உங்ககிட்டயேதான் இருக்கேன். எனக்கும் கொஞ்சம் பார்த்துச் செய்யக் கூடாதா?"

"அந்தச் சலுகை புதுசா சேர்றவங்களுக்கு மட்டும்தான்," என்றது மேகம், தண்ணீரில் தெரிந்த தன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"ஏழு நாள்?"

"கட்டாது."

"அப்ப நான் போறேன்."

"நீயா? எங்க போவே?" மேகம் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டது.

குட்டைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கோடை முழுக்க வெயிலில் மெல்ல மெல்ல ஆவியாகி, தூக்கத்தில் மிதப்பதுபோல் மேலே மேலே போனது. கண் விழித்தபோது அதுவும் ஒரு மேகம்.

கீழே ஒரு பழைய குளம் அண்ணாந்து பார்த்துக் கேட்டது: "அண்ணே, பத்து நாள் ரொம்ப அதிகம். கொஞ்சம் பார்த்துச் செய்யுங்களேன்."

புது மேகம் குனிந்தது. முதல்முறையாகத் தன் முகத்தைப் பார்த்தது. இவ்வளவு அழகா!

"அந்தச் சலுகை புதுசா சேர்றவங்களுக்கு மட்டும்தான்," என்றது, கண்ணை எடுக்காமல்.