யார் சொன்னது?

ஆறு மாதத்தில் இது நான்காவது ராஜினாமா. தையல் யூனிட் முதலாளி கடிதத்தை வைத்துவிட்டு, பட்டன் தைக்கும் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

“சம்பளம் பத்தலையாம்மா?”

“அதெல்லாம் ஒரு குறையும் இல்ல சார்.”

“அப்புறம் என்ன? அயர்ன் பண்றவரும் இப்படித்தான் காரணமே சொல்லாம போனாரு.”

அவள் தயங்கினாள். “என் வீட்டுக்காரர் குடிக்கிறது இங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. சாப்பிட உக்காந்தா அதே பேச்சு. தலைகாட்ட முடியல சார்.”

முதலாளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “யார் சொன்னது? ஆளை மட்டும் காட்டுங்க, இப்பவே சீட்டைக் கிழிச்சிடறேன்!”

“உங்ககிட்ட மட்டும்தான் சார் சொன்னேன்.”

“ஆண்டவரைத் தவிர யார்கிட்டயும் நான் மூச்சு விடலையே!”

“அவர்கிட்டதான் சார் சொன்னீங்க. தினமும் காலையில, எல்லாரையும் சுத்தி நிக்க வச்சு, என் பேரைச் சொல்லி, சத்தமா. நாங்க கண்ணைத்தான சார் மூடியிருந்தோம்?”

அயர்ன் செய்தவரின் மகன் ஜெயிலில் இருக்கிறான். அவனுக்காகத் தான் உருகி உருகி ஜெபித்தது முதலாளிக்கு நினைவு வந்தது.

மறுநாள் காலை எல்லோரும் வழக்கம்போல் கண்மூடி நின்றார்கள்.

“இன்னைக்கு அவங்கவங்க மனசுக்குள்ளயே ஜெபம் பண்ணிக்கலாம்” என்றார்.

சுற்றிலும் பெருமூச்சு கேட்டது. எல்லோரும் கலைந்து மெஷினுக்குப் போன பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.