கோரைக்குள் தேடுகிறவள்

வாய்க்கால் கரைக் கோரையில் வாத்துகள் இட்டிருந்த முட்டைகளை எடுக்கப் போனபோதுதான் மங்கையை ஐப்பசி வெள்ளம் இழுத்துப் போனது. உடல் கிடைக்கவில்லை. அதன்பின் அவள் அம்மா செண்பகம் விடிந்ததும் வாத்துகளைத் திறந்துவிட்டு, முட்டை எடுக்கப் போவதாகச் சொல்லிக் கூடையோடு போவாள். வெயில் ஏறியபின் சேறும் கீறலுமாகத் திரும்புவாள். கூடையில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

அவளைக் கரைக்குப் போகாமல் நிறுத்தத்தான் அவள் கணவன் அய்யாறு வாத்துக் கூண்டைச் சீர்செய்தான். காய்ந்த வைக்கோல் பரப்பி, மூலையில் சாக்கு மறைப்புக் கட்டி, முட்டை போலிருந்த வெள்ளைக் கூழாங்கல் ஒன்றையும் உள்ளே வைத்தான். காலையில் அவை எவ்வளவு கத்தினாலும் தாமதித்தே திறந்தான். சில நாட்களில் வாத்துகள் உள்ளேயே முட்டையிட்டன.

"பாரு புள்ள, எல்லாம் இங்கயே போட்டுடுச்சு. இனி நீ அங்க போவ வேணாம்" என்று, சூடு ஆறாத முட்டைகளை அவள் கூடையில் வைத்தான்.

செண்பகம் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். வெறுங்கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"ஒண்ணு குறையுதுங்க" என்றாள்.

அய்யாறு அவள் பின்னால் நடந்தான். கரையில் அவள் கோரையை விலக்கியபோது அவனும் குனிந்து பார்த்தான்.