முதல் சொட்டு விழும் நேரம்

"கர்ணன் அண்ணன் பக்கத்துலதான் உக்காரணும்னா, எனக்கு இந்த ஏசி ரூமே வேணாம் சார்" என்றான் மாரிசெல்வம்.

மேனேஜர் சுருளிராஜன் தலையில் கை வைத்துக்கொண்டார். காலையிலிருந்து இதே பாட்டுதான். முதலில் தவசி சொன்னான், அப்புறம் நாகராஜ், இப்போது இவன்.

"சீனியர் அவருதான்யா. புது மெஷினுக்கு ஷிஃப்டுக்கு ரெண்டு பேரு வேணும். ஒருத்தனும் சேர மாட்டேன்னா, அந்த ஆள நான் எங்கன போடுறது?"

"டிரம் குடோன்ல போடுங்க சார். அங்கன சண்டை போட ஆளே கெடையாது."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சுருளிராஜன் சிரிக்கவில்லை. ஆனால் அப்படியே செய்துவிட்டார். கர்ணனும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல், சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போய்விட்டார்.

தேனிக்குத் தெற்கே, வாழைத் தோப்புகளைத் தாண்டி இருக்கிறது அந்த ஆலை. ரத்தக்கொதிப்பு மாத்திரை வேறெங்கோ தயாராகிறது. அதற்கான மூலச்சரக்கு மட்டும் இங்கே. இதுவரை ரியாக்டர் என்கிற பெரிய கலத்தில்தான் வேலை. அதன் மேல்தளத்தில் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒருவர் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட, இன்னொருவர் குளிர்நீர் வால்வைப் பிடித்துக்கொண்டு சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கர்ணனோடு அப்படி நிற்க எவனாலும் முடிந்ததில்லை. மேலே ஏறியதுமே ஆரம்பித்துவிடுவார்.

"ஏலே, ஒன்னையெல்லாம் எவன் வேலைக்குச் சேத்தது? சோத்துக்குக் கேடு! மூஞ்சியப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது. எறங்கிப் போலே கீழ!"

ரோஷம் உள்ளவன் நிற்பானா? இறங்கிவிடுவான்.

மாரிசெல்வமும் கர்ணனும் ஒரே ஊர், குச்சனூர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கர்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துதான் வருவான். அந்த வாய்க்குப் பயந்தே அதை விட்டான். கர்ணனுக்கு மனைவி தவறிவிட்டாள், பிள்ளையும் இல்லை. போன மாதம் மாரிசெல்வம் மகள் ஓவியாவுக்குக் காது குத்தியபோது, ஆலை வாட்ச்மேன் வரைக்கும் பத்திரிகை வைத்தான். கர்ணனுக்கு மட்டும் வைக்கவில்லை. தாய்மாமன் சீர் மேளதாளத்தோடு அவர் வீட்டு வாசலைக் கடந்துதான் போனது. உள்ளே லைட் எரிந்தது, கதவு சாத்தியிருந்தது.

'வாயை அடக்கத் தெரியாத ஆளுக்கு வேண்டியதுதான்' என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டான்.

மறுநாள் இன்ஜினியர் மகாலட்சுமி எல்லோரையும் புது மெஷின் முன்னால் கூட்டி வைத்து விளக்கினாள்.

"இனிமே பெரிய கலத்துல மொத்தமாக் கலக்குற வேலையே கிடையாது. விரல் தடிமன் குழாய்க்குள்ள அமிலமும் மத்த சரக்கும் ஓடிக்கிட்டே கலந்துக்கும். எந்த நேரமும் உள்ள ஒரு செம்பு சரக்குதான் இருக்கும். ஏதாவது ஆனாலும் அந்தச் செம்போட போச்சு. நீங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஏசி ரூம்ல உக்காந்து பாத்தாப் போதும்."

பிறகு கேட்டாள். "பழைய முறையில அமிலம் விட ஆரம்பிக்கறப்ப என்ன பண்ணுவீங்க? உள்ளது உள்ளபடி சொல்லுங்க."

"மொதல்ல கர்ணன் அண்ணன் சண்டை போடுவாரு மேடம்" என்றான் தவசி. எல்லோரும் சிரித்தார்கள்.

"நெசமாத்தேன் மேடம். அவரு கத்துனதும் நாங்க எறங்கி டீக்கடைக்குப் போயிருவோம். கோவம் ஆறி வர்றதுக்குள்ள பாதி அமிலம் உள்ள போயிருக்கும். அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

மகாலட்சுமி சிரிக்கவில்லை.

"ஆரம்பத்துலதானே சூடு எகிறும்? வெடிச்சா அப்போதான் வெடிக்கும். அந்த நேரத்துல மேல யாரு இருப்பா?"

"அவருதேன்."

"அமிலமும் வால்வும் ஒரே ஆளா? ரொம்பத் தப்புங்க அது." அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு, "எல்லார்கிட்டயுமா சண்டை போடுவாரு?" என்றாள்.

"கூட நிக்கிற எல்லார்கிட்டயும்தேன்."

"அமிலம் விடாத நாள்ல?"

தவசி யோசித்தான். "மத்த நாள்ல… நாங்க அவருகிட்டப் பேசுறதே இல்லையே மேடம்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மாரிசெல்வம் கூட்டத்தை விட்டு விலகினான். சொல்லாமல் கொள்ளாமல் குடோனுக்கு நடந்தான்.

நீல டிரம்களுக்கு நடுவே கர்ணன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாருமே இல்லாத அவ்வளவு பெரிய இடத்திலும் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

"என்னலே, வழி தவறி வந்துட்டியா?"

மாரிசெல்வம் எதிரே தரையில் உட்கார்ந்தான். "வேணும்னேதான் எங்களத் தொரத்துனீகளாண்ணே?" என்றான்.

கர்ணன் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அதான் குழாய் வந்துருச்சுல்ல. இனி அதப் பேசி என்ன ஆகப்போகுது?"

"ஒங்கள இங்கன போடச் சொன்னதே நாந்தேண்ணே." தலையைக் குனிந்துகொண்டான். "ஏண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? எங்ககிட்ட இத்தனை ஏச்சுப் பேச்சு வாங்குனதுக்குப் பதிலா, 'ஆபத்து, எறங்கிப் போங்கடா'ன்னு ஒரே ஒரு வார்த்தை?"

கர்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லியிருந்தா, என்னைய மட்டும் மேல விட்டுட்டு நீ எறங்கிப் போயிருப்பியாக்கும்?"