சின்ன மணி, பெரிய மணி

பகல் பன்னிரண்டு மணி, கரண்ட் இல்லை. திருச்சிக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் அமலராணி நுண்ணோக்கியின் அடிக்கண்ணாடியை, மலைக்கோட்டை தெரியும் ஜன்னலின் வெயிலுக்குத் திருப்புகிறாள். ஒளிவட்டத்துக்குள் எலியின் வெள்ளணுக்கள், அவள் ஊட்டிய, இரண்டு அளவிலான நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளை விழுங்கிக் கிடக்கின்றன. வெள்ளணுக்கள் அதிகம் விழுங்குவது சின்ன மணியைத்தான், அதனால் தடுப்பு மருந்தை அவற்றுக்குள் சுமந்து செல்ல அதுவே ஏற்றது என்பது அவள் கட்சி. இருமுறை காட்டியும் பேராசிரியர் தைரியராஜ் நம்பவில்லை. இன்று பொய்த்தால் ஆய்வையே விட்டுவிட வேண்டும். "சின்னது... சின்னது... பெருசு," என்று விழுங்கிய மணிகளை எண்ணுகிறாள். சொல்லுக்கொரு புளியங்கொட்டையை உதவியாளர் மாத்ருபூதம் இரண்டு டம்ளர்களில் பிரித்துப் போடுகிறார். "வாய்க்கு அடங்குறதத்தானே திங்கும்? இதுக்கு எதுக்கும்மா மைக்ராஸ்கோப்பு?" சின்ன மணியின் டம்ளர் நிரம்பி, கொட்டைகள் மேசையில் உருள்கின்றன. பக்கத்தில் நிற்கும் தைரியராஜ் தானே நுண்ணோக்கியில் குனிந்து வெகுநேரம் பார்க்கிறார். கண்ணை எடுக்காமலே சொல்கிறார்: "கட்டுரையில உன் பேர முதல்ல போடும்மா. என் பேரு பின்னாடி வரட்டும்."